தேவை தீர்ந்த பின்னும்: அமெரிக்க மேக்னம் ரிவால்வரின் வரலாறு

அமெரிக்கக் காவலர்கள் ரிவால்வர் எனப்படும் சுழல் துப்பாக்கியை இடுப்பில் அணிந்து பணியாற்றிய காலம் 1990களோடு ஏறத்தாழ முடிந்துவிட்டது. பதினைந்து தோட்டாக்களைக் கூடத் தம் பிடிக்குள் அடக்கிக்கொள்ளும் அரைத் தானியங்கிப் பிஸ்டல்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்ட நிலையில், ஆறே தோட்டா கொள்ளும் பழைய கருவி பயனற்றுப்போய் மறைந்திருக்க வேண்டும். ஆனால் 'மேக்னம்' என்ற பெயர் தாங்கிய சுழல் துப்பாக்கிகள் மறையவில்லை. 1950களில் செய்யப்பட்ட மாதிரிகளை அந்நாட்டின் துப்பாக்கி உரிமையாளர்கள் இன்றும் தேடி வாங்குகிறார்கள், நிறுவனங்களும் தாம் கைவிட்ட மாதிரிகளை மீண்டும் உற்பத்தி செய்கின்றன. இந்த ஈர்ப்புக்கு ஆற்றலே காரணம் எனப் பொதுவாகச் சொல்லப்பட்டாலும், வரலாற்றை நோக்கினால் அந்த விளக்கம் போதுமானதாக இல்லை. மேக்னம் ரிவால்வர், அரசுப் பணியின் தேவையைத் தாண்டி, வாங்குபவரின் தனி விருப்பத்துக்கு இசையச் செய்யப்பட்ட உயர்விலைப் பொருளாகவே பிறந்தது என்பதும், காவல் பணி அதன் வாழ்வில் ஒரு நடுப்பகுதி மட்டுமே என்பதும் அதன் நீண்ட ஆயுளைப் புரிந்துகொள்ள உதவும்.

மசாசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் இயங்கிய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கிய .38 ஸ்பெஷல் என்னும் தோட்டா, அடுத்த பல பத்தாண்டுகளுக்கு அமெரிக்கக் காவல்துறைகளின் பொதுத் தோட்டாவாக விளங்கியது. மதுவிலக்குக் காலத்தில் கொள்ளையர்கள் எஃகு உடல் கொண்ட வேகமான கார்களில் தப்பிச் செல்லத் தொடங்கியபோது, அந்தத் தகட்டைத் துளைக்கும் வலு அதற்குப் போதவில்லை. இக்குறையைப் போக்க அந்நிறுவனம் 1930இல், பெரிய .44 தோட்டாவுக்கென வடிவமைத்திருந்த கனமான சட்டகத்தில், அதாவது குழலையும் சுழல் உருளையையும் விசையமைப்பையும் தாங்கும் எஃகு உடலில், அதே .38 தோட்டாவைக் கூடுதல் வெடிமருந்துடன் சுடத்தக்க ஒரு மாதிரியை வெளியிட்டது. காவலர்களின் உடனடித் தேவைக்கு அது ஓரளவு விடையளித்தது. அதற்கு அப்பால் சென்றவர்கள் வேட்டைக்காரர்களும் துப்பாக்கி ஆர்வலர்களும் ஆவர்.

வெடிமருந்தின் அளவைத் தாமே மாற்றித் தோட்டாக்களை நிரப்பிச் சோதித்துவந்த பிலிப் ஷார்ப், ஐடஹோ மாநிலத்தவரான எல்மர் கீத் ஆகியோரின் முயற்சிகளை ஊன்றிக் கவனித்த, ஸ்மித் அண்ட் வெஸ்ஸனைச் சேர்ந்த டக்ளஸ் வெஸ்ஸன், வின்செஸ்டர் நிறுவனத்தின் துணையுடன் 1935இல் .357 மேக்னம் தோட்டாவையும் அதற்கான ரிவால்வரையும் சந்தைக்குக் கொண்டுவந்தார். .38 என்று பெயர் இருந்தாலும் பழைய தோட்டாவின் குண்டு உண்மையில் 0.357 அங்குல விட்டம் கொண்டதே என்பதால், புதியதன் வேறுபாடு குண்டின் பருமனில் இல்லை. வெடிமருந்தின் அளவிலும் அது எழுப்பும் அழுத்தத்திலும் இருந்தது. மிகையான அழுத்தத்தைத் தாங்காத பழைய துப்பாக்கிகளில் யாரும் தவறிப் புகுத்திவிடாதபடி, அதன் பித்தளை உறை எட்டில் ஒரு அங்குலத்துக்குச் சற்று மேல் நீட்டப்பட்டது. பாதுகாப்புக்காகச் செய்யப்பட்ட இந்த ஏற்பாட்டால் வேறொரு பெரும் பயனும் விளைந்தது: நீண்ட உறைக்கான அறையில் குட்டையான உறை இடரின்றிப் பொருந்துவதால், .357 ரிவால்வர் வைத்திருப்பவர் மலிவும் மென்மையுமான .38 தோட்டாவையும் அதிலேயே சுட முடிந்தது.

அமெரிக்கப் பொருளாதாரம் பெருமந்தத்தில் சிக்கியிருந்த அந்த ஆண்டில் இப்புதிய ரிவால்வரின் விலை 60 டாலர்; ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் மற்ற மாதிரிகள் எல்லாவற்றையும் விட இது கூடுதல். அதை வாங்குபவர் மூன்றரை அங்குலத்திலிருந்து எட்டே முக்கால் அங்குலம் வரை குழலின் நீளத்தையும், குறிபார்க்கும் முனைகளின் வடிவத்தையும், பிடியின் அமைப்பையும் தாமே தேர்ந்தெடுக்கலாம். தொழிற்சாலை அதன்படி செய்து, குறி சரிபார்த்து, பதிவு எண்ணைச் சட்டகத்தில் பொறித்து, உரிமையாளரின் பெயரிட்ட சான்றிதழும் வழங்கியது. 'பதிவு பெற்ற மேக்னம்' என்று அறியப்பட்ட இந்த வரிசையின் முதல் துப்பாக்கி கூட்டரசுப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் தலைவர் ஜே. எட்கர் ஹூவருக்கு அளிக்கப்பட்டது; அதே ஆண்டில் இன்னொன்றை வாங்கித் தந்தப் பிடி பொருத்திக்கொண்ட ஜார்ஜ் பேட்டன், இரண்டாம் உலகப் போரில் படைத்தலைவராகப் புகழ்பெற்றபோது அதுவும் அவருடைய தோற்றத்தின் அடையாளமானது. சில ஆயிரம் துப்பாக்கிகள் விற்ற பின், பணிச்சுமை மிகுந்த பதிவு முறை 1930களின் இறுதியிலேயே கைவிடப்பட்டது. எனினும் மேக்னம் என்றால் ஒருவருடைய பெயருக்குரிய கருவி என்ற எண்ணத்தை அந்தக் குறுகிய காலம் நிலைநாட்டிவிட்டது.

போருக்குப் பின் வந்த 1950களே இவ்வரலாற்றின் வளமான பத்தாண்டு. பளபளப்பான மெருகை விலக்கி விலையைக் குறைத்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் 'ஹைவே பேட்ரோல்மேன்' மாதிரி 1954இல் வெளிவந்து, நெடுஞ்சாலைக் காவலரின் கைக்கு மேக்னத்தை எட்டச் செய்தது. நாள் முழுவதும் கனமான துப்பாக்கியைச் சுமப்பது கடினம் என்பதை உணர்ந்த எல்லைக் காவல்படை அதிகாரி பில் ஜோர்டான் வலியுறுத்தியதால், நடுத்தரச் சட்டகத்தில் .357 தோட்டாவைச் சுடும் 'காம்பாட் மேக்னம்' அடுத்த ஆண்டில் உருவானது. அதே 1955இல் கனெக்டிகட் மாநிலத்தின் கோல்ட் நிறுவனம், ஆழ்ந்த நீல மெருகும் குழலின் மேல் துளைகளுள்ள பட்டையும் கொண்டதும், கைத்திறன் வாய்ந்த தொழிலாளர்களால் உறுப்பு உறுப்பாக இழைத்துப் பொருத்தப்பட்டதுமான 'பைத்தான்' ரிவால்வரை வெளியிட்டது. ஒவ்வொரு முறையும் சுத்தியலைப் பெருவிரலால் பின்னிழுத்துச் சுட வேண்டிய பழைய மேற்குப் பகுதிப் பாணியை விரும்பியவர்களுக்காக ரூகர் நிறுவனம் குறைந்த விலையில் 'பிளாக்ஹாக்' மாதிரியைச் செய்ததும் அதே ஆண்டில்தான்.

எல்மர் கீத் பல ஆண்டுகள் வலியுறுத்திவந்த .44 மேக்னம் தோட்டா, ரெமிங்டன் நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் 1955ஆம் ஆண்டின் இறுதியில் உருப்பெற்றது. சுமார் பதினைந்தரை கிராம் எடையுள்ள குண்டை விநாடிக்கு 1,400 அடியையும் விஞ்சிய வேகத்தில் செலுத்திய அதன் பின்னுதைப்பு, பழக்கமில்லாத கைக்குத் தாங்கவொண்ணாததாக இருந்தது. ஆகவே பின்னர் 'மாடல் 29' என்று எண்ணிடப்பட்ட, அதற்கான ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வரை வாங்கியவர்கள் பெரும்பாலும் வேட்டைக்காரர்கள். 1971இல் கிளின்ட் ஈஸ்ட்வுட் நடித்த 'டர்ட்டி ஹாரி' திரைப்படம் அதை ஒரு நகரத் துப்பறிவாளரின் கையில் காட்டிய பிறகு நிலைமை மாறியது; காட்டுக்கென உருவான துப்பாக்கியைக் காட்டையே காணாதவர்களும் கேட்டுவரத் தொடங்கியதால் கடைகளில் தட்டுப்பாடு உண்டாயிற்று.

திரையில் உருவான இப்பெருமைக்கும் காவல் பணியின் நடைமுறைக்கும் இடைவெளி இருந்தது. மேக்னம் குண்டு இலக்கைத் துளைத்து அப்பால் நிற்பவரையும் தாக்கக்கூடும் என்பதால் பல நகரக் காவல்துறைகள் அதனை அனுமதிக்கவில்லை; .357 ரிவால்வர் ஏந்தியவர்களிலும் பலர் .38 தோட்டாவையே அதில் நிரப்பினர். 1970இல் கலிஃபோர்னியாவின் நியூஹால் பகுதியில் நான்கு நெடுஞ்சாலைக் காவலர்கள் கொல்லப்பட்ட மோதல், தோட்டாக்களை ஒவ்வொன்றாக மீண்டும் நிரப்பும் முறையின் இடரை உணர்த்தியது. 1986 ஏப்ரலில் மயாமியில் நடந்த மோதலில் எஃப்.பி.ஐ. முகவர்கள் இருவர் உயிரிழந்த பின், அந்த அமைப்பு பிஸ்டல்களை நோக்கி நகர்ந்தது. நாடெங்கும் உள்ள காவல்துறைகளும் சில ஆண்டுகளில் அவ்வழியே சென்றன.

பணியிலிருந்து விடுபட்ட ரிவால்வர் உரிமையாளர்களிடம் மதிப்பிழக்கவில்லை. ஆற்றல் ஒன்றே அளவுகோல் என்றால், 2003இல் வந்த .500 மேக்னம் முன்னோடிகள் அனைத்தையும் மறக்கச் செய்திருக்க வேண்டும், அவ்வாறு நிகழவில்லை. சேகரிப்பாளர்கள் நாடுவது, குழலைச் சட்டகத்தோடு குறுக்கு ஆணியால் பிணைத்ததும், தோட்டாவின் விளிம்பு உள்ளடங்குமாறு அறையின் வாயைக் குடைந்ததுமான 1980களின் தொடக்கத்துக்கு முந்தைய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாதிரிகளையே. செலவைக் குறைக்கக் கைவிடப்பட்ட இவ்விரண்டும் சுடும் திறனைப் பெரிதாகக் கூட்டாதவை. ஆனால் தொழிலாளியின் நேரம் மலிவாக இருந்த ஒரு காலத்துக்கு அவை சான்று. அத்தகைய உழைப்பின் செலவைத் தாங்க இயலாமல் நிறுத்தப்பட்ட பைத்தான், 2020இல் கணினி இயக்கும் எந்திரங்களின் துணையோடு மறுவடிவம் பெற்று வந்தபோதும், பழைய பைத்தான்களின் மதிப்பு நீடிக்கிறது.

பயன்பாட்டு நோக்கிலும் 1935இன் ஏற்பாடு இன்றுவரை பலன் தருகிறது. ஒரே துப்பாக்கியில் பயிற்சிக்கு மென்மையான தோட்டாவையும், வேட்டைக்கோ தற்காப்புக்கோ வலிய தோட்டாவையும் மாற்றிக்கொள்ளலாம்; பிஸ்டலின் இயக்கம் தோட்டாவின் விசையைச் சார்ந்திருப்பதால் அதில் இந்த நெகிழ்வு குறைவு. சுழல் உருளையைப் பக்கவாட்டில் திறந்தால் அறைகளில் என்ன இருக்கிறது என்பது ஒரே பார்வையில் தெரிவதும் பலரை அதன்பால் ஈர்க்கிறது. காவல்துறைகள் தம் கருவியைத் தேவையால் தேர்ந்தன, தேவை மாறியதும் கைவிட்டன. தம் விருப்பப்படி குழலின் நீளத்தையும் பிடியின் வடிவத்தையும் சொல்லிச் செய்வித்த முதல் உரிமையாளர்களின் வழிவந்தோருக்கு அத்தகைய கட்டாயம் எதுவும் இல்லாததால், மேக்னம் ரிவால்வர் தான் பிறந்த சந்தையிலேயே இன்றும் நிலைத்திருக்கிறது.