கோதாவும் கொற்றமும்: கேளிக்கை மல்யுத்தமும் சவூதி அரசும்

2018 ஏப்ரல் 27 அன்று ஜித்தாவின் மன்னர் அப்துல்லா விளையாட்டு நகரத்தில் டபிள்யூடபிள்யூஇ என்ற அமெரிக்கக் கேளிக்கை மல்யுத்த நிறுவனம் ‘கிரேட்டஸ்ட் ராயல் ரம்பிள்’ நிகழ்ச்சியை நடத்தியது. ஐம்பது பேர் மோதிய முதன்மை ஆட்டத்தை விடுவோம். இடையில் சில நிமிடங்களே ஓடிய ஒரு காட்சி இக்கட்டுரைக்கு முக்கியம். உள்ளூர்த் தேர்வில் பொறுக்கியெடுத்த நான்கு சவூதி இளைஞர்களைக் கோதாவில் நிறுத்தி, நாளைய நட்சத்திரங்கள் என்று அறிமுகப்படுத்தினார்கள். அப்போது தைவாரி சகோதரர்கள் இருவர் ஈரான் கொடியோடு உள்ளே வந்து கூட்டத்தைச் சீண்டினார்கள். இளைஞர்கள் அவர்களை அடித்து விரட்ட, அரங்கம் ஆர்ப்பரித்தது. அந்தச் சகோதரர்கள் அமெரிக்காவின் மின்னசோட்டாக்காரர்கள்; ஈரானிய வம்சாவளியினர் என்பதுதான் அவர்களுக்கு அந்த வேடத்தை வாங்கிக் கொடுத்தது. ஈரான் ஆதரவு பெற்ற ஹூதிகளுக்கு எதிராக யேமனில் சவூதி விமானங்கள் குண்டு வீசத் தொடங்கி அப்போது மூன்றாண்டுகள் ஆகியிருந்தன.

ஒடுக்குமுறை அரசுகளோடு விளையாட்டு அமைப்புகள் கைகோப்பதைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் மேடையைச் சுற்றியே நின்றுவிடுகிறது: மேடை கொடுத்தது சரியா, அங்கே போய் ஆடலாமா என்று. கேளிக்கை மல்யுத்தத்துக்கு இந்த அளவுகோல் போதாது. கால்பந்தில் போட்டியை நடத்தும் நாடு தோற்கக்கூடும். 2022 உலகக் கோப்பையில் கத்தார் தன் மூன்று ஆட்டங்களிலும் தோற்றது. கொட்டிய பணத்தால் ஒரு சமநிலையைக்கூட வாங்க முடியவில்லை. மல்யுத்தக் கேளிக்கையில் யார் நாயகன், யார் வில்லன், எந்தக் கொடி மண்ணில் விழும் என்பதெல்லாம் முன்கூட்டியே எழுதப்படுகிறது. 2019 ஜூன் 7 அன்று ஜித்தாவில் 51 பேர் மோதிய ஆட்டத்தில் சவூதி வீரர் மன்சூர் வென்றார். வெல்லவைக்கப்பட்டார் என்பதே பொருத்தம். ஆகவே இந்நிறுவனத்தைப் பிறர் வீட்டுக்குப் போன விருந்தாளியாகக் கருதி எடைபோடுவது தவறு. அங்கே அரங்கேறும் கதைக்கு அது ஆசிரியர். ஆசிரியருக்குரிய பொறுப்பையே அதனிடம் கேட்க வேண்டும் என்பது என் வாதம்.

ஒப்பந்தத்தின் நோக்கத்தை இரு தரப்பும் ஒளித்ததில்லை. 2018 மார்ச்சில் சவூதி பொது விளையாட்டு ஆணையத்தோடு செய்துகொண்ட பத்தாண்டு உடன்பாடு, பட்டத்து இளவரசர் முகம்மது பின் சல்மானின் ‘விஷன் 2030’ திட்டத்துக்குத் துணைநிற்பதாகவே அறிவிக்கப்பட்டது. முதல் நிகழ்ச்சியின் ஒளிபரப்பில், நாடு மாறிவருவதைப் புகழும் துணுக்குப் படங்களை இடையிடையே காட்டினார்கள். பெண் வீரர்கள் எவரும் கோதாவில் ஏற அனுமதியில்லை. அரங்கத் திரையில் ஓடிய விளம்பரமொன்றில் அவர்கள் தலைகாட்டிவிட்டதற்காக விளையாட்டு ஆணையம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. எழுதுகிறவர் யார், வெட்டுகிறவர் யார் என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. ஈரான் கொடிக் காட்சியை அரசு கேட்டு வாங்கியதா, நிறுவனமே முன்வந்து கொடுத்ததா என்பது இரண்டாம்பட்சம். கேட்காமலே கொடுத்திருந்தால் அது இன்னும் மோசம்.

2018 அக்டோபர் 2 அன்று இஸ்தான்புல்லின் சவூதி துணைத் தூதரகத்துக்குள் போன பத்திரிகையாளர் ஜமால் கஷோகி திரும்பி வரவில்லை; உள்ளேயே கொல்லப்பட்டார். சரியாக ஒரு மாதம் கழித்து, நவம்பர் 2 அன்று, ரியாத்தில் நிறுவனத்தின் ‘கிரவுன் ஜுவல்’ நிகழ்ச்சி நடந்தது. அதன் நட்சத்திர வீரர்கள் ஜான் சீனாவும் டேனியல் பிரையனும் போக மறுத்தார்கள். நிறுவனம் போனது, ஆனால் விளம்பரங்களிலிருந்து ஊர்ப் பெயரை எடுத்துவிட்டது.  உடந்தை பற்றிச் சியாரா லெபோராவும் ராபர்ட் குடினும் 2013-இல் எழுதிய நூல், பிறர் செய்யும் தீங்குக்குத் துணைபோனவரின் பொறுப்பை அளக்க முன்வைக்கும் கேள்விகளில் இரண்டு இங்கே முக்கியமானவை: அவர் செய்த உதவி அந்தத் தீங்குக்கு எவ்வளவு முக்கியமானது? தான் செய்வது இன்னதென்று அவருக்குத் தெரியுமா, தெரிந்திருக்க வேண்டுமா? முதல் கேள்வியில் நிறுவனத்துக்குக் கொஞ்சம் சலுகை தரலாம். மல்யுத்தம் இல்லாவிட்டாலும் கஷோகி கொல்லப்பட்டிருப்பார். ஆனால் கொலைக்குப் பிறகு அந்த அரசு தேடியது இயல்புநிலை திரும்பிவிட்டது என்ற தோற்றத்தை. அதைத் தயாரித்துக் கொடுப்பதில் நிறுவனத்தின் பங்கு சிறியதல்ல. இரண்டாம் கேள்விக்கு விளம்பரமே வாக்குமூலம். ஊரை மறைக்கத் தெரிந்தவர், ஊரைப் பற்றி எதுவும் தெரியாது என்று சொல்ல முடியாது.

இக்கொலைக்குச் சவூதி அரசே பொறுப்பு என்று ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் ஆக்னஸ் கலமார் 2019 ஜூனில் அறிக்கை தந்தார். கஷோகியைப் பிடிக்க அல்லது கொல்லப் பட்டத்து இளவரசர் ஒப்புதல் அளித்தார் என்ற அமெரிக்க உளவுத்துறையின் மதிப்பீடு 2021 பிப்ரவரியில் வெளியானது. தாம் உத்தரவிடவில்லை என்பது அவர் தரப்பு.

பணத்தைத் திருப்பிக் கொடுக்க முடியும் என்பதற்கும் இதே வட்டாரத்தில் முன்னுதாரணம் உண்டு. ஆரி இமானுவேல் தலைமையிலான கேளிக்கைத் துறை நிறுவனமான எண்டெவர், கஷோகி கொலையை அடுத்துச் சவூதி முதலீட்டு நிதியத்தின் 40 கோடி டாலரைத் திருப்பித் தந்தது என்ற செய்தி 2019-இல் வெளிவந்தது. பாராட்டத்தக்க செயல்தான். பிறகு 2023 செப்டம்பரில் அதே எண்டெவர், கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டிகளை நடத்தும் யுஎஃப்சியையும் டபிள்யூடபிள்யூஇயையும் இணைத்து டிகேஓ குழுமத்தை உருவாக்கியது. மல்யுத்தத்தோடு சவூதி ஒப்பந்தமும் கைக்கு வந்தது. 2024 ஜூனில் யுஎஃப்சியும் ரியாத்துக்குப் போனது. இடைப்பட்ட ஆண்டுகளில் கொலை வழக்கில் மாறியது இவ்வளவுதான்: சவூதி நீதிமன்றம் விதித்த ஐந்து மரண தண்டனைகள் 2020-இல் சிறைத்தண்டனைகளாகக் குறைந்தன, உடல் கிடைக்கவேயில்லை. திருப்பித் தந்ததற்கான காரணம் அப்படியே இருக்க, திருப்பித் தந்தவர் மட்டும் மாறிவிட்டார். மனசாட்சிக்கும் காலாவதித் தேதி உண்டு போலும்.

எதிர்வாதங்களில் வலுவானது, ‘ஒதுங்கினால் எதுவும் மாறாது, உள்ளே போனால் மாற்றலாம்’ என்பது. அதற்குச் சான்றாக 2019 அக்டோபர் 31 ரியாத் நிகழ்ச்சியைக் காட்டுவார்கள். உடல் முழுவதும் மூடிய உடையில் நடால்யாவும் லேசி எவன்ஸும் மோதினார்கள். சவூதியில் இந்நிறுவனம் நடத்திய முதல் பெண்கள் ஆட்டம் அது. முடிவில் இருவரும் தழுவிக்கொண்டார்கள். அதைப் பார்த்த சவூதிச் சிறுமிகளின் மகிழ்ச்சியைப் பொய் என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அதே இரவில் லுஜைன் அல் ஹத்லூல் சிறையில் இருந்தார். பெண்கள் காரோட்டும் உரிமைக்காகப் போராடிய அவரை 2018 மே மாதம் பிடித்துச் சென்றார்கள். அடுத்த மாதம் 24-ஆம் தேதி அந்தத் தடையை அரசே நீக்கியது. உரிமை என்பது மன்னர் பார்த்துக் கொடுப்பது, குடிமக்கள் கேட்டுப் பெறுவது அல்ல என்பதே அந்தக் கைதுகள் சொன்ன செய்தி. கோதாவில் அரங்கேறிய காட்சியும் அதே செய்தியை ஒளிவெள்ளத்தில் சொன்னது. கொடுத்தவருக்கு நன்றி தெரிவித்த அந்தக் கதையில், கேட்டவருக்கு இடமில்லை. லுஜைன் 2021 பிப்ரவரியில்தான் வெளியே வந்தார்.

‘அமெரிக்க அரசே ஆயுதம் விற்கிறது, மல்யுத்தக் கம்பெனியை மட்டும் ஏன் பிடிக்கிறீர்கள்?’ என்ற கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. பிறர் குற்றம் பெரிது என்பதால் நம் குற்றம் இல்லையென்று ஆகிவிடாது.

புறக்கணிப்பு பற்றிய கேள்வி இன்னும் நுட்பமானது. 1974 டேவிஸ் கோப்பை இறுதிப்போட்டிக்குச் சென்னையின் விஜய் அமிர்தராஜ், ஆனந்த் அமிர்தராஜ் சகோதரர்கள் இருந்த இந்திய அணி தகுதி பெற்றது. நிறவெறித் தென்னாப்பிரிக்காவோடு ஆடுவதில்லை என்று இந்தியா விலகியது. கோப்பை ஆடாமலே எதிரணிக்குப் போனது. அதை இந்தியா இன்றுவரை வென்றதில்லை. இழப்பு நிஜமானது. ஆனாலும் அந்த முடிவுக்கு ஒரு தார்மீக அடித்தளம் இருந்தது: புறக்கணியுங்கள் என்று கேட்டவர்கள் ஒடுக்கப்பட்ட தென்னாப்பிரிக்கர்களே. 1950களின் இறுதியிலேயே அவர்களின் தலைவர்களுள் ஒருவரான ஆல்பர்ட் லுதூலி அந்த அழைப்பை விடுத்தார். சவூதிக்குள்ளிருந்து அப்படியோர் அழைப்பு வரவில்லையே என்று நிறுவனத்தின் ஆதரவாளர்கள் கேட்கலாம். கட்சியும் தொழிற்சங்கமும் தடைசெய்யப்பட்ட நாட்டில், ட்வீட்டுக்காகப் பல்லாண்டுச் சிறை கிடைக்கும் நாட்டில், அழைப்பு எங்கிருந்து வரும்? வாயைக் கட்டியபின் நிலவும் அமைதியைச் சம்மதமாகக் கணக்கில் எழுதுவது நேர்மையல்ல.

சட்டம் இந்நிறுவனத்திடம் கணக்குக் கேட்டதும் உண்டு. யார் சார்பில் என்பதுதான் வேடிக்கை. சவூதி வணிக உறவு பற்றித் தவறான சித்திரம் தந்ததாகப் பங்குதாரர்கள் அமெரிக்காவில் தொடுத்த வழக்கை அது 3.9 கோடி டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது. பங்கு விலை சரிந்தவருக்கு நீதிமன்றம் இருந்தது. வணிகமும் மனித உரிமையும் குறித்து 2011-இல் ஐ.நா. மனித உரிமைக் கவுன்சில் ஏற்ற வழிகாட்டு நெறிகள், பாதிப்பை அறிந்து தடுக்கும் கடமை நிறுவனங்களுக்கு உண்டு என்கின்றன. ஆனால் அவற்றுக்குச் சட்ட வலிமை இல்லை.

அறச்சுமையோ கடைசியில் தனிமனிதர் தலையில் இறங்குகிறது. மல்யுத்த வீரர்கள் நிறுவனத்தின் ஊழியர்கள்கூட அல்லர். சுயேச்சை ஒப்பந்தக்காரர்கள், தொழிற்சங்கம் இல்லாதவர்கள். ஜான் சீனாவுக்கு ஹாலிவுட் இருந்தது, மறுக்க முடிந்தது. நேற்றுச் சேர்ந்த இளைஞர் எந்தத் தைரியத்தில் மறுப்பார்?

2019 நவம்பரில் இரு தரப்பும் உடன்பாட்டை விரிவாக்கி, 2027 வரை ஆண்டுக்கு இரண்டு பெரிய நிகழ்ச்சிகள் என்று அறிவித்தன. நிறுவனத்தின் மிகப்பெரிய ஆண்டு நிகழ்ச்சியான ரெசில்மேனியாவே 2027-இல் ரியாத்தில் என்ற அறிவிப்பு 2025 செப்டம்பரில் வந்தது. புதுப்பிக்கும் பேச்சு எழும்போது குறைந்தபட்சம் மூன்றைக் கோர வேண்டும்: ஒப்பந்த விதிகள் பகிரங்கமாகட்டும், அரசைப் புகழும் துணுக்குகளும் அதன் பகைவரை வில்லனாக்கும் காட்சிகளும் நிகழ்ச்சியிலிருந்து நீங்கட்டும், போக மறுப்பவரின் சம்பளத்திலும் வாய்ப்பிலும் கை வைப்பதில்லை என்று எழுத்தில் வரட்டும். இவற்றை ஏற்க முடியாதென்றால் அந்த ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கக் கூடாது.