உழைக்கும் தசைக்குக் குருதி அளந்து தருவது எது?
நெய்யூர் மருத்துவர் சாமர்வெல்லின் எவரெஸ்ட் குறிப்பை முன்வைத்து

1925இல் இங்கிலாந்தின் உடலியங்கியல் ஆய்விதழில் ஒரு சிறு குறிப்பு வெளிவந்தது. மிக உயரமான இடங்களில் நுரையீரல் காற்றறைகளிலுள்ள காற்றின் கலவை பற்றியது அது. எழுதியவர் தி. ஹோவர்டு சாமர்வெல். நாஞ்சில் நாட்டுக்கு மேற்கே, அன்றைய திருவிதாங்கூரைச் சேர்ந்த நெய்யூரில், லண்டன் மிஷன் மருத்துவமனையில் அறுவை மருத்துவராக இருந்தவர். குமரி மாவட்டம் அவரை மிஷனரியாகவும் மலையேறியாகவும் நினைவில் வைத்திருக்கிறது. உடலியங்கியலில் அவருக்குள்ள இடம் அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. உழைக்கும் தசைக்கு எவ்வளவு குருதி போகவேண்டும் என்பதை எது முடிவு செய்கிறது என்ற கேள்வியின் வரலாற்றில் அவரது குறிப்பைப் பொருத்திப் பார்க்க இக்கட்டுரை முயல்கிறது.

கேள்வி அவரது குறிப்பைவிட ஏறக்குறைய அரை நூற்றாண்டு மூத்தது. குருதி நாளங்களை ஆள்வது நரம்புதான் என்ற எண்ணம் வலுவாக இருந்த காலத்தில், கேம்பிரிட்ஜின் வால்டர் கேஸ்கெல் 1877இல் தசை நரம்பைத் தூண்டி, தசையில் குருதியோட்டம் மாறுவதை ஆராய்ந்தார். 1880இல் இன்னொரு படி சென்று, அமிலம் நுண்நாளங்களை விரியச் செய்வதைக் காட்டினார். உழைக்கும் தசையிலேயே பிறக்கும் பொருள் அதற்கான குருதியை வரவழைக்கலாம் என்ற சிந்தனைக்கு அங்கே வழி பிறந்தது. பிரான்சில் சோவோவும் காஃப்மனும் குதிரை தீனி மெல்லும்போதே அதன் மேலுதட்டுத் தசையில் குருதியை அளந்து, அது பல மடங்கு பெருகுவதை 1887இல் அறிவித்தனர். உழைப்பின்போது தந்துகிகள் திறந்துகொள்வதைக் காட்டிய டென்மார்க்கின் ஆகஸ்ட் க்ரோ 1920இல் நோபல் பரிசு பெற்றார்.

சாமர்வெல் 1922 எவரெஸ்ட் பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிவந்தபோது நெய்யூரைக் கண்டார். 1838இல் தொடங்கிய மருத்துவப் பணி அது. நோயாளர் கூட்டத்துக்கு அறுவை மருத்துவர் ஒருவரே இருந்தார். லண்டனில் காத்திருந்த வாய்ப்பை விட்டுவிட்டு 1923இல் நெய்யூருக்கே வந்துவிட்டார். அங்கிருந்துதான் 1924இல் மறுபடியும் எவரெஸ்ட் சென்றார். சுமார் 7,000 மீட்டர் உயரத்தில் மூச்சுக்காற்றை ரப்பர் பைகளில் பிடித்தார். கரியமில வாயு ரப்பர் வழியே கசியும் என்பதால் அந்த அளவுகள் உண்மையைவிடக் குறைவாகவே வந்தன. ஆனாலும் அந்த உயரத்தில் மனித உடலின் காற்றைச் சேகரித்ததே பெரும் துணிவு. ஜூன் 4 அன்று சக மலையேறி நார்ட்டனுடன் செயற்கை ஆக்சிஜன் இன்றி சுமார் 8,500 மீட்டர் வரை ஏறினார். தொண்டை அடைத்துக்கொள்ள, இறங்கும் வழியில் மார்பை இரு கைகளாலும் அழுத்தி அடைப்பை இருமித் தள்ளிய பிறகே அவரால் மூச்சுவிட முடிந்தது.

அவர் அளந்தது ஆக்சிஜன் பயணத்தின் முதல் கட்டத்தை. தசை அதன் கடைசிக் கட்டம். இரண்டுக்கும் இடையிலுள்ள கண்ணிகள் பின்னரே துலங்கின. அவர் பணிசெய்த வட்டாரத்துப் பனையேறியின் உழைப்பையே எடுத்துக்கொள்வோம். காலில் திளாப்பு எனும் வளையத்தைப் பூட்டி, மரத்தை இறுகத் தழுவும் நொடியில் தசை தன் நாளங்களைத் தானே நசுக்குகிறது. அப்போது குருதியோட்டம் குறைகிறது. பிடி தளர்ந்ததும் குருதி பாய்கிறது. அலாமும் ஸ்மர்க்கும் 1937இல், கையில் குருதியைத் தடுத்து வைத்தால் உழைப்பு நின்ற பிறகும் இரத்த அழுத்தம் உயர்ந்தே இருப்பதைக் கண்டனர்: தேவை தீராத தசை மூளைக்குச் சேதி அனுப்புகிறது. அவ்தார் சிங் பெயிண்டல் 1960இல் தசையின் மூன்றாம் வகை மெல்லிய நரம்பிழைகளை ஆராய்ந்தார். அவ்வகையும் நான்காம் வகையும் இச்சேதியைச் சுமப்பதை மெக்ளாஸ்கியும் மிட்செலும் 1972இல் உறுதிசெய்தனர்.

நரம்புக்கும் தசைக்கும் இடையிலான இழுபறி 1962இல் தெளிவாயிற்று. பரிவு நரம்பு நாளங்களைச் சுருக்க முயன்றாலும் உழைக்கும் தசையில் அந்தக் கட்டளை மங்கிப்போகிறது என்று ரெமன்ஸ்னைடர், மிட்செல், சார்னாஃப் காட்டினர். 1985இல் ஆண்டர்சனும் சால்ட்டினும் தொடைத்தசையை மட்டும் உழைக்கவைத்து அளந்தபோது, ஒரு கிலோ தசை நிமிடத்துக்குச் சுமார் இரண்டரை லிட்டர் குருதியை ஏற்பது தெரிந்தது. 30 கிலோ தசையும் ஒருசேர அப்படிக் கேட்டால் 75 லிட்டர் வேண்டும். நல்ல உடற்கட்டுள்ளவரின் இதயமே 20 முதல் 25 லிட்டர்தான் தரும். பரிவு நரம்பின் கட்டுப்பாடு அடியோடு போய்விட்டால் இரத்த அழுத்தம் சரிந்துவிடும். ஆகவே தசையின் கேட்பும் நரம்பின் மறுப்பும் சேர்ந்தே பங்கை நிர்ணயிக்கின்றன என்பது என் முடிவு.

கேட்பவை பல: பொட்டாசியம், அடினோசின், நாளத்தின் உட்சுவர் சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடு. ஒன்றைத் தடுத்தால் மற்றொன்று அதன் வேலையை ஏற்கிறது. இவற்றுள் என்னை மிகவும் ஈர்ப்பது சிவப்பணு. ஆக்சிஜனை இறக்கிவைக்கும்போது அது ஏ.டி.பி.யை வெளிவிடுகிறது, அது நாளத்தைத் தளர்த்துகிறது. அதாவது ஆக்சிஜனைச் சுமந்து வருவதே பற்றாக்குறையையும் அறிவிக்கிறது. ஹீமோகுளோபினோடு சேர்ந்துள்ள ஆக்சிஜன் குறைந்தால் காலின் குருதியோட்டம் கூடுகிறது என்பதைத் தாழ் ஆக்சிஜன் ஆய்வுகள் காட்டின; சாமர்வெல் நின்ற உயரங்களின் கேள்வி இங்கேதான் தசையை வந்தடைகிறது. பொலிவியாவின் சக்கால்தாயாவில், 5,260 மீட்டர் உயரத்தில் ஒன்பது வாரம் தங்கியவர்களுக்குக் குருதியின் ஆக்சிஜன் அளவு கடல்மட்ட நிலைக்கே மீண்டது. ஆனால் உச்ச உழைப்பில் அவர்களின் கால்களுக்குக் கடல்மட்டத்தில் கிடைத்த அளவு குருதி கிடைக்கவில்லை. உழைப்புத் திறனும் முழுதாக மீளவில்லை.