கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரியும் வயிற்றினுள் விளக்கும்

இராயபுரத்தை அடுத்துள்ள ஸ்டான்லி ஆஸ்பத்திரியை நம் பெரியோர் இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே வழங்குவர். அப்பெயரின் காரணத்தை நம் இளைஞர் அறிதல் நன்று. 1782-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் பசித்து வந்தோர்க்குக் கஞ்சி வார்த்த மணியக்காரர் சத்திரமே அதன் மூலமாகும். அங்கே வளர்ந்த வைத்தியசாலையைச் சார்ந்து 1938-இல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி எழுந்தது.

பசித்த வயிற்றைக் கஞ்சி ஆற்றும். புண்பட்ட வயிற்றை ஆற்றுதற்கோ அதன் உள்ளே நோக்குதல் வேண்டும். 1868-இல் குஸ்மால் என்னும் ஜெர்மானிய வைத்தியர், வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரது தொண்டையில் நேரான குழாயைச் செலுத்திப் பார்த்தார். வளையாத அக்குழாயை ஏனையோர் தாங்குதல் அரிதாயிற்று. 1954-இல் ஹாப்கின்ஸும், பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானியும், வளையும் கண்ணாடி இழைக் கற்றையினூடே உருவத்தைக் கடத்தலாமென லண்டனில் மெய்ப்பித்தனர். அதனை அறிந்த ஹிர்ஷோவிட்ஸ் என்னும் வைத்தியர் அமெரிக்காவில் வளையும் கருவியொன்றை அமைத்து, 1957-இல் முதற்கண் தம் தொண்டையிலேயே செலுத்திக்கொண்டார். பின்னரே நோயாளிக்குச் செலுத்தினார்.

அத்துணிவின் பயனை இன்று ஸ்டான்லியின் இரைப்பை குடல் துறையில் நாமும் பெறுகின்றோம். துறைமுகத்திலும், எண்ணூர், திருவொற்றியூர் ஆலைகளிலும் உழைக்கும் நம்மவர், ஓயாத வயிற்றெரிச்சலுக்குச் சோடா அருந்தியே நாட்கழித்தல் தகாது. உணவு விழுங்க இயலாமை, காரணமற்ற மெலிவு, இரத்த வாந்தி, கரிய மலம் ஆகியவற்றுள் ஒன்று காணினும் தாமதியாது வைத்தியரை அடைக. வைத்தியர் தாமே முதலில் விழுங்கிய குழாய்க்கு அஞ்சி, நாம் நோயை வளர்த்தல் அறிவுடைமையன்று. அன்று கஞ்சி வார்த்த அவ்வாயில் ஏழை எளியோர்க்கு இன்றும் திறந்தே உள்ளது.