பூச்சு

நாமக்கல்லில் கோழிப்பண்ணைச் சாமான் விற்கும் கடையொன்றில் 'வைரஸ் கோட்டிங்' என்று எழுதியிருந்தது. வைரஸையே பூசுவதாகப் பொருள் வருகிறதே என்று வருத்தப்பட்டேன். 'வைரஸ் தடுப்புப் பூச்சு' என்றால் குழப்பமில்லை. 'பூசு' வளமான வினை. சந்தனம் பூசுகிறோம், சுவருக்குச் சுண்ணாம்பு பூசுகிறோம், அளவாகச் சதைபிடித்தவரைப் 'பூசினாற்போல் உடம்பு' என்கிறோம். பழந்தமிழில் கழுவுதலும் பூசுதல்தான். வாய்பூசுதல் என்றால் வாய் கொப்பளிப்பது. ஒட்டவைப்பதும் நீக்குவதும் ஒரே சொல்லில்! இன்றோ 'பூசி மெழுகுதல்' என்றால் குறையை மறைப்பது. அந்தக் கறையால்தானோ என்னவோ, 'பூச்சு' மேலோட்டமாகவும் 'கோட்டிங்' உறுதியாகவும் காதில் விழுகிறது. இத்தகைய பூச்சு ஒன்று வேலைசெய்யும் விதம் இது: பல வைரஸ்கள் செல்லின் மேலுள்ள, எதிர்மின்சுமை கொண்ட சர்க்கரைச் சங்கிலிகளில்தான் முதலில் ஒட்டும். கடற்பாசியில் கிடைக்கும் கேரஜீனன் என்ற பாலிமருக்கும் அதே எதிர்மின்சுமை உண்டு. வைரஸ் செல்லுக்குப் பதில் அதைப் பற்றிக்கொள்கிறது. பாலிமர் கிரேக்கச் சொல், 'பல பகுதி' என்று பொருள். பாடநூல் 'பலபடி' என்கிறது, எனக்குப் பிடித்த சொல். சேலத்து ஜவ்வரிசியின் மாவுச்சத்தும் பலபடிதான். 'பலபடிப் பூச்சு' என்றே எழுதலாம். நாமக்கல் முட்டைக்கும் இட்டவுடன் ஓட்டின் மேல் இயற்கைப் பூச்சு ஒன்று உண்டு. நுண்துளைகளை மூடிக் கிருமிகளைத் தடுக்கிறது.