பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் மதிப்பெண் சேகரிப்பின் வரலாறு

பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1971 ஜனவரியில் தன் முதல் பாடங்களைத் தொடங்கியது. அதில் சேர்ந்த சுமார் 24,000 மாணவர்களும் நாடெங்கும் தத்தம் வீடுகளிலிருந்தே படித்தனர். அவர்களுடைய கட்டுரைகளையும் கணக்குகளையும் திருத்திய பகுதிநேர ஆசிரியர்களும் அவ்வாறே பல ஊர்களில் வாழ்ந்தனர். ஆனால் தேர்ச்சி பெற்றவர் யார், பெறாதவர் யார் என்பது மில்டன் கீன்ஸ் பகுதியிலுள்ள வால்ட்டன் ஹால் தலைமையகத்திலேயே முடிவானது. எங்கோ ஒரு வீட்டு மேசையில் இடப்பட்ட மதிப்பெண் மையப் பதிவேட்டுக்குப் பிழையின்றி வந்து சேர வேண்டும் என்ற தேவை, தொலைநிலைக் கல்வியின் அடிப்படைச் சிக்கல்களுள் ஒன்றாக இருந்து வந்துள்ளது.

முன்னோடி

தொலைவிலிருந்து படித்துப் பட்டம் பெறும் வழி பிரிட்டனில் 19ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. லண்டன் பல்கலைக்கழகம் 1858இல் தன் தேர்வுகளை, கல்லூரியில் பயிலாதவர்களும் எழுதலாம் என அனுமதித்தது. இந்த வெளிவாரிப் பட்ட முறை பின்னர் குடியேற்ற நாடுகளுக்கும் பரவியது. 1921இல் கொழும்பில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி, தன் மாணவர்களை லண்டன் வெளிவாரித் தேர்வுகளுக்கே ஆயத்தம் செய்தது.

இம்முறையில் மாணவர் எங்கே, யாரிடம் படித்தார் என்பது கணக்கில் கொள்ளப்படவில்லை. இறுதித் தேர்வின் விடைத்தாள்களைத் தேர்வாளர்கள் திருத்தினால் போதும். ஆண்டு முழுவதும் பல ஆசிரியர்களிடமிருந்து மதிப்பெண்களைத் திரட்ட வேண்டிய தேவை எழவில்லை.

பல்கலைக்கழகத்தின் தோற்றம்

தொழிற்கட்சித் தலைவர் ஹரால்ட் வில்சன் 1963இல் கிளாஸ்கோவில் ஆற்றிய உரையில் 'வான்வெளிப் பல்கலைக்கழகம்' என்ற கருத்தை முன்வைத்தார். அவர் பிரதமரான பின் அமைச்சர் ஜென்னி லீ இத்திட்டத்தை முன்னெடுத்தார். 1966இல் அரசின் வெள்ளை அறிக்கை வெளிவந்தது. 1969இல் அரச சாசனம் கிடைத்தது. வால்ட்டர் பெரி முதல் துணைவேந்தரானார்.

நுழைவுக்கு முன்தகுதி எதுவும் கேட்கப்படவில்லை. எனவே இப்பல்கலைக்கழகத்தின் பட்டம் பிற பல்கலைக்கழகப் பட்டங்களுக்கு நிகரானதா என்ற ஐயம் தொடக்கத்திலேயே பலருக்கு இருந்தது. நுழைவில் வடிகட்டாத ஒரு நிறுவனம் தன் தரத்தை மதிப்பீட்டின் வழியாகவே மெய்ப்பிக்க முடியும். மதிப்பெண்களைச் சேகரித்துச் சரிபார்க்கும் ஏற்பாட்டுக்கு இங்கே கூடுதல் முக்கியத்துவம் ஏற்பட்டதற்கு இதுவே காரணம்.

இருவகை ஒப்படைப்புகள்

மாணவர் ஆண்டு முழுவதும் ஒப்படைப்புகளை எழுதி அனுப்ப வேண்டும். அவை இருவகைப்பட்டன. முதல் வகை, கணினி மதிப்பிடும் ஒப்படைப்பு. கொடுக்கப்பட்ட விடைகளுள் சரியானதைப் படிவத்தில் குறித்து மாணவர் நேரே தலைமையகத்துக்கு அஞ்சலில் அனுப்புவார். இயந்திரம் அதைப் படித்து மதிப்பெண் இடும். இரண்டாம் வகை, ஆசிரியர் மதிப்பிடும் ஒப்படைப்பு. இது ஆங்கிலப் பெயரின் சுருக்கமாக டி.எம்.ஏ. எனப்பட்டது. ஒப்படைப்புகளின் மதிப்பெண், ஆண்டிறுதித் தேர்வின் மதிப்பெண் ஆகிய இரண்டும் சேர்ந்தே பாடத்தின் முடிவைத் தீர்மானித்தன. ஒன்றில் மிகக் குறைந்தால் மற்றொன்று ஈடுசெய்யாது.

முதல் வகை மதிப்பெண் பிறக்கும்போதே மையத்தில் இருந்தது. இரண்டாம் வகையோ ஆயிரக்கணக்கான ஆசிரியர்களின் கைகளிலிருந்து திரட்டப்பட வேண்டியிருந்தது.

பி.டி.3 படிவத்தின் பயணம்

ஒவ்வொரு டி.எம்.ஏ.வுடனும் பி.டி.3 என்ற படிவம் இணைக்கப்பட்டது. மாணவர் தம் பெயர், அடையாள எண், பாட எண் ஆகியவற்றை எழுதி, விடைத்தாளுடன் ஆசிரியருக்கு அஞ்சலில் அனுப்புவார். ஆசிரியர் தாளின் ஓரங்களில் குறிப்புகள் எழுதி, படிவத்தில் மதிப்பெண்ணையும் பொதுவான கருத்துரையையும் இட்டு அனுப்புவார். அவர் அதை மாணவருக்கு நேரே திருப்பியனுப்புவதில்லை. தாள் முதலில் வால்ட்டன் ஹாலுக்குச் செல்லும். அங்கு மதிப்பெண் கணினிப் பதிவில் ஏறிய பிறகே மாணவரைச் சென்றடையும்.

இந்தச் சுற்றுவழியால் இரண்டு நன்மைகள் கிடைத்தன. மாணவர் மதிப்பெண்ணைப் பார்க்கும் முன்பே அது மையத்தில் பதிவாகிவிடும். வழியில் மாற்றவோ மறைக்கவோ இயலாது. மேலும் திருத்திய தாள்களில் சிலவற்றை எடுத்து மறுபார்வைக்கு அனுப்ப முடிந்தது.

இதற்குக் கொடுத்த விலையும் உண்டு. அஞ்சல் பயணம் ஒரு கட்டம் கூடியதால் தாள் திரும்பி வரத் தாமதமானது. தொலைநிலை மாணவருக்கு ஆசிரியரின் எழுத்துக் குறிப்புகளே பெரும்பாலும் வகுப்பறை. முந்தைய தாளின் குறிப்புகளைப் பார்க்காமலே அடுத்ததை எழுதத் தொடங்கினால், அதே பிழை மீண்டும் நேரலாம். பதிவின் பாதுகாப்பும் கற்பித்தலின் வேகமும் இங்கே ஒன்றுக்கொன்று எதிராக நின்றன.

அஞ்சலை நம்பியிருந்ததன் ஆபத்து முதல் மாதத்திலேயே வெளிப்பட்டது. 1971 ஜனவரி 20ஆம் நாள் பிரிட்டன் அஞ்சல் ஊழியர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினர். அது மார்ச் முதல் வாரம் வரை நீடித்தது. அஞ்சலையே சாலையாகக் கொண்ட பல்கலைக்கழகத்துக்கு இது கடுமையான தொடக்கமாக அமைந்தது. எனினும் திட்டம் நிலைத்தது. 1973இல் லண்டன் அலெக்சாண்ட்ரா அரண்மனையில் முதல் பட்டமளிப்பு விழா நடந்தது.

ஒரே அளவுகோல்

மதிப்பெண்கள் வந்து சேர்ந்தால் மட்டும் போதாது. அவை ஒப்பிடத் தக்கவையாகவும் இருக்க வேண்டும். ஒரே தரமான கட்டுரைக்கு ஓர் ஆசிரியர் 70 மதிப்பெண்ணும் மற்றொருவர் 50 மதிப்பெண்ணும் இட்டால், மாணவரின் பட்டம் அவருக்கு வாய்த்த ஆசிரியரைப் பொறுத்ததாகிவிடும். ஆகவே ஆசிரியர்களுக்கு மதிப்பீட்டுக் குறிப்பேடுகள் வழங்கப்பட்டன. மறுபார்வையாளர்கள் மாதிரித் தாள்களைப் படித்து, மதிப்பெண்ணுடன் ஆசிரியர் எழுதிய குறிப்புகளின் பயனையும் ஆராய்ந்து கருத்துரைத்தனர். புதிய ஆசிரியர்களின் தாள்கள் கூடுதலாகப் பார்க்கப்பட்டன. நோயாலோ வேலைச்சுமையாலோ மாணவர் ஒரு ஒப்படைப்பைத் தவறவிட்டால், பிற ஒப்படைப்புகளின் அடிப்படையில் ஈட்டு மதிப்பெண் கணக்கிடும் விதியும் இருந்தது. எல்லா மதிப்பெண்களும் ஒரே பதிவில் இருந்தால்தான் இத்தகைய விதியை அனைவருக்கும் ஒரேபடியாகச் செயற்படுத்த முடியும்.

தாளிலிருந்து இணையத்துக்கு

1990களில் கணினியியல் பாடங்களில் மின்னணு ஒப்படைப்புச் சோதனைகள் தொடங்கின. 'நீங்கள், உங்கள் கணினி, இணையம்' என்ற பொருள்படும் தலைப்பில் அந்நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய பாடத்தில் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்ததால், இம்முறை பெரிய அளவில் பயன்பாட்டுக்கு வந்தது. மாணவர் கோப்பை மையக் கணினிக்கு ஏற்றுவார். ஆசிரியர் அதை இறக்கி, இணைப்பு இல்லாமலே திருத்தி, மதிப்பெண் படிவத்துடன் மீண்டும் ஏற்றுவார். வீடுகளில் தொலைபேசி வழி இணைப்பே இருந்த காலத்துக்கு இது பொருத்தமான ஏற்பாடு.

தாளுக்குரிய பி.டி.3 என்ற பெயர் மின்படிவத்துக்கும் தொடர்ந்தது. தாள் மையத்தின் வழியாகவே செல்லும் பழைய நெறியும் மாறவில்லை. ஆனால் அஞ்சலில் கழிந்த நாட்கள் மறைந்தன. பதிவுக்கும் கற்பித்தலுக்கும் இடையே இருந்த பழைய இழுபறி இதனால் பெருமளவு தணிந்தது. ஆசிரியர் திருத்துவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரமே எஞ்சிய தாமதம்.

தெற்காசியாவில் தாக்கம்

பிரிட்டனின் முன்மாதிரியைத் தொடர்ந்து இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் 1980இலும், ஐதராபாத்தில் ஆந்திரப் பிரதேசத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1982இலும், இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985இலும், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002இலும் உருவாயின. இந்திரா காந்தி பல்கலைக்கழகத்தில் ஒப்படைப்புகள் பெரும்பாலும் கற்றல் மையங்களில் ஒப்படைக்கப்பட்டு, அங்குள்ள பகுதிநேர ஆசிரியர்களால் திருத்தப்படுகின்றன. மதிப்பெண்கள் அங்கிருந்து பல்கலைக்கழகப் பதிவுக்குச் செல்கின்றன. அவை பதிவேறாத வரை, இறுதித் தேர்வில் தேறியிருந்தாலும் மாணவரின் பாடம் நிறைவடைந்ததாகக் கொள்ளப்படுவதில்லை.