லீராயும் ரேச்சலும்

அமெரிக்கப் பள்ளிகளில் ‘தியேட்டர் கிட்’ என்று ஒரு வகை மாணவரைச் சொல்வார்கள். தாழ்வாரத்தில் உரக்கப் பாடிக்கொண்டே நடக்கும், தலைமை வேடம் கிடைக்காவிட்டால் அழுது தீர்க்கும், எங்கே போனாலும் நாலு பேர் தன்னைப் பார்க்க வேண்டும் என்று துடிக்கும் பிள்ளை. இதை அந்தப் பிள்ளைகளின் சுபாவம் என்று முடிவுகட்டுவது அநியாயம். இதில் பாதிக்கு மேல் பள்ளியின் கைவேலை. 1980இல் ஆலன் பார்க்கர் இயக்கிய ‘ஃபேம்’ திரைப்படத்தையும், 2009 முதல் 2015 வரை ஓடிய ‘க்ளீ’ தொலைக்காட்சித் தொடரையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போது எனக்கு இது உறுதிப்படுகிறது.

‘ஃபேம்’ நடப்பது நியூயார்க் நகரின் நிகழ்த்துகலைப் பள்ளியில். 1940களின் பிற்பகுதியில் தொடங்கிய நிஜப் பள்ளி அது. கட்டணமில்லாத அரசுப் பள்ளி. உள்ளே நுழையத் தேர்வு உண்டு, படம் தொடங்குவதே அந்தத் தேர்வில்தான். தோழிக்குத் துணையாக ஆட வந்த லீராய் என்ற கறுப்பினப் பையனுக்கு இடம் கிடைக்கிறது, தோழிக்குக் கிடைக்கவில்லை. லீராய்க்குச் சரியாக வாசிக்கத் தெரியாது. ஆட்டம் எவ்வளவு வந்தாலும் பாடத்திலும் தேறியாக வேண்டும் என்று ஆங்கில ஆசிரியை விடாப்பிடியாக நிற்கிறார். டோரிஸ் தாயின் நிழலில் ஒடுங்கிய, வாய் திறக்கவே கூசும் பெண். லிசாவிடம் உழைப்புப் போதவில்லை என்று நடன ஆசிரியை வெளியே அனுப்பிவிட, அவள் சுரங்க ரயில் நடைமேடையின் விளிம்புவரை போய்த் திரும்புகிறாள். இவர்களில் யாரும் அந்தத் ‘தியேட்டர் கிட்’ வார்ப்பில் அடங்குவதில்லை. பள்ளி முழுக்கவே மேடைப் பித்துக் கொண்டிருப்பதால், அங்கே பித்து ஒரு அடையாளமாக நிற்பதில்லை. வியர்வையும் திருத்தமும் அன்றாடப் பயிற்சியுமாக அது வேலையாகிவிடுகிறது. லீராயாக நடித்த ஜீன் ஆண்டனி ரே, அதே பள்ளியில் சிறிது காலம் படித்து வெளியேற்றப்பட்டவர் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும்.

‘க்ளீ’ நம்மை ஒஹாயோ மாநிலத்தின் லைமா என்ற ஊருக்குக் கொண்டுபோகிறது. அங்கே பாட்டும் நடிப்பும் பாடமல்ல. பள்ளி நேரம் முடிந்த பிறகு கூடும் ஒரு குழு. அதை நடத்த மாதம் 60 டாலர் கட்டும்படி தலைமையாசிரியர் ஆசிரியரிடமே கேட்கிறார். பணமும் மதிப்பும் விளையாட்டுக்கும் சியர்லீடர் அணிக்கும் போகின்றன. பாடுகிற பிள்ளைகள் முகத்தில் தாழ்வாரத்திலேயே சக மாணவர்கள் ஐஸ் பானத்தை வீசுகிறார்கள். அந்தச் சூழலில்தான் ரேச்சல் பெர்ரி தன் பெயருக்குப் பக்கத்தில் தங்க நட்சத்திரம் ஒட்டிக்கொள்கிறாள், தனக்கே எல்லாப் பாட்டும் வேண்டும் என்கிறாள், தன்னைவிட நன்றாகப் பாடும் புதிய மாணவியைப் போதை மருந்துக்காரர்கள் கூடும் வீடு ஒன்றின் முகவரிக்கு அனுப்பிவைக்கிறாள். கடைசியாகச் சொன்னதை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஒரே ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டு, பிள்ளைகள் முட்டி மோதுகிறார்கள் என்று குறை சொல்வதில் நியாயமில்லை. லீராய்க்கு ஆட ஒரு கூடம் இருந்தது, கண்டிக்க ஓர் ஆசிரியை இருந்தார். ரேச்சலுக்கோ, தான் ஒரு பொருட்டு என்பதைத் தினமும் தானே கூவிச் சொல்ல வேண்டியிருந்தது.

பள்ளிதான் காரணம் என்பதைத் தொடர் அறிந்தேயிருக்கிறது. ஆனாலும் சிரிப்புக்காக வார்ப்பையே நம்பிப் பிழைக்கிறது. அதனால்தான் ‘ஃபேம்’ படத்தை நான் ஒரு படி மேலே வைக்கிறேன்.

ஒரு இடத்தில் மட்டும் ‘க்ளீ’ முந்திக்கொள்கிறது. ‘ஃபேம்’ படத்தின் மாண்ட்கோமரி தன்பாலீர்ப்பு கொண்டவன். படம் அவனை மரியாதையோடு நடத்தினாலும் கடைசிவரை தனியனாகவே விட்டுவிடுகிறது. ‘க்ளீ’யில் அதே இயல்புள்ள கர்ட்டுக்கு ஒரு தகப்பன் இருக்கிறார், கார் பழுதுபார்ப்பவர். தனிப்பாட்டுக்காகக் கர்ட்டும் ரேச்சலும் போட்டியிடுகிறார்கள். மகனுக்காகப் பள்ளியில் வாதாடிய தகப்பனுக்கு ஒரு வசைத் தொலைபேசி அழைப்பு வருகிறது. மேடையில் கர்ட் உச்ச ஸ்வரத்தை வேண்டுமென்றே தவறவிடுகிறான். வென்றால் தகப்பன் இன்னும் அவமானப்படுவார் என்று. பார்வைக்கு ஏங்குவதாகச் சொல்லப்படும் பிள்ளை, கிடைக்கவிருந்த பார்வையைத் தானே விட்டுக்கொடுக்கிற அந்தக் காட்சிக்கு இணையாக ‘ஃபேம்’ படத்தில் எதுவும் இல்லை.

முடிவில் இரண்டும் வெகுதூரம் விலகுகின்றன. தொடரின் இறுதியில் ரேச்சல் மேடை நாடகத்துக்கான டோனி விருது வாங்குகிறாள். ‘ஃபேம்’ பட்டமளிப்பு விழாப் பாட்டோடு நின்றுவிடுகிறது. யார் என்ன ஆனார்கள் என்று சொல்வதில்லை. அதற்கு முன்பே ஒரு காட்சி வருகிறது. பள்ளியின் பெருமையாக இருந்த மூத்த மாணவன் மைக்கேல், லாஸ் ஏஞ்சலிஸில் வாய்ப்புத் தேடிப் போய்த் திரும்பி, உணவகத்தில் பரிமாறிக்கொண்டிருப்பதை டோரிஸும் அவளுடைய சக மாணவன் ரால்ஃபும் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டுத்தான் அவர்கள் விழாவில் பாடுகிறார்கள். ரேச்சலின் ஆசை சரி என்பதற்குத் தொடர் ஒரு கோப்பையைச் சாட்சிக்கு அழைக்கிறது; கோப்பை வாங்காத ஆயிரக்கணக்கான ரேச்சல்கள் கேலிப்பொருளாகவே நின்றுபோகிறார்கள். மைக்கேலை அந்தப் படம் கேலி செய்யவில்லை.