மாட்டுவண்டி முதல் மாத அட்டவணை வரை: தஞ்சை மண்ணில் கதை படித்த கதை

தேர்வு முடிந்து விடுமுறை விட்டவுடன் சிலர் செய்யும் முதல் வேலை, ஒரு நோட்டை எடுத்துக் கட்டம் போடுவது. இந்த மாதம் எந்த மாயாஜால நாவல், எந்த ஜப்பானிய மங்கா, ஒரு நாளைக்கு எத்தனை பக்கம் என்று எழுதி வைப்பார்கள். அந்தப் பட்டியலில் பெரும்பாலும் ஒரு தமிழ் நாவலும் இருக்கும். பொன்னியின் செல்வன்!

அதற்குக் கணக்கு போடுவது சுலபம். முதல் பாகத்தில் 57 அத்தியாயங்கள், இரண்டாவதில் 53, மூன்றாவதிலும் நான்காவதிலும் தலா 46, ஐந்தாவதில் 91. மொத்தம் 293. ஒரு நாளைக்குப் பத்து அத்தியாயம் படித்தால் முப்பது நாளில் முடிந்துவிடும்.

ஆனால் இந்த நாவலை முதன்முதலில் படித்தவர்களுக்கு இப்படித் திட்டம் போட வழியே இல்லை. 1950 அக்டோபர் 29 அன்று கல்கி இதழில் தொடங்கிய தொடர் 1954 மே 16 அன்றுதான் முடிந்தது. எண்ணிப் பார்த்தால் 186 வாரங்கள். வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு அத்தியாயங்கள்தான் கிடைக்கும். இன்று ஒரு மாதத்தில் முடிக்கிற கதைக்கு அன்று மூன்றரை வருடம் ஆனது. எப்போது படிப்பது, எவ்வளவு படிப்பது என்பதை வாசகர் முடிவு செய்யவில்லை, வேறு யாரோ முடிவு செய்தார்கள். அது யார் யார் என்று பார்த்தால், காவிரிப் படுகையில் கதைப் புத்தகங்கள் சாதாரண மக்களிடம் வந்து சேர்ந்த வரலாறு கிடைக்கிறது.

அரண்மனையும் சந்தையும்

தஞ்சாவூருக்குப் பெருமை சேர்ப்பது சரஸ்வதி மகால் நூலகம். இரண்டாம் சரபோஜி மன்னர் (ஆட்சி 1798–1832) அதைப் பெரிய அளவில் வளர்த்தார். ஓலைச்சுவடிகள், மராட்டிய மோடி ஆவணங்கள், ஐரோப்பிய அச்சு நூல்கள் எல்லாம் அங்கே சேர்ந்தன. ஆனால் அது அரண்மனைக்குள் இருந்த நூலகம். பொதுமக்களுக்காகத் திறந்துவிடப்பட்டது 1918-இல்தான். அப்போதும் புத்தகம் இருக்கும் இடத்துக்கு மனிதர்தான் போக வேண்டும்.

சாதாரண ஜனங்களின் கதைப் புத்தகம் சந்தையிலும் திருவிழாக் கடைகளிலும் கிடைத்தது. மலிவுத் தாளில், பெரிய பெரிய எழுத்தில் அச்சடித்த விக்கிரமாதித்தன் கதை, மதனகாமராஜன் கதை போன்றவை அவை. கூடு விட்டுக் கூடு பாய்தல், பேசும் வேதாளம், மாய மாளிகை எல்லாம் அவற்றில் இருந்தன. இன்றைக்கு மாயாஜால நாவல் தேடிப் போகிறவர்கள் விரும்புகிற சரக்கு இந்த ஊருக்குப் புதிதல்ல.

பிறகு நாவல் வந்தது. மன்னார்குடிக்குப் பக்கத்தில் உள்ள வடுவூரைச் சேர்ந்த கே.துரைசாமி ஐயங்கார் (1880–1942), மர்ம நாவல்களை எழுதிக் குவித்தார். ‘மனோரஞ்சனி’ என்ற இதழை நடத்தி, தம் நாவல்களை அதில் வெளியிட்டார். அவருடைய ‘மேனகா’ 1935-இல் திரைப்படமாகவும் வந்தது. அடுத்த இதழ் எப்போது வரும் என்று காத்திருக்கும் பழக்கத்துக்கு வாசகர்களைப் பழக்கியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

வண்டி கட்டி வந்த புத்தகங்கள்

ஆனால் பத்திரிகையோ நாவலோ வாங்கக் காசு வேண்டும். காசு இல்லாதவர்கள் என்ன செய்வது?

இந்தக் கேள்வியைத் தம் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவரும் இந்தப் படுகையில் பிறந்தவர்தான். சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன், கணிதம் கற்பித்துக் கொண்டிருந்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனார். 1931-இல் அவருடைய புகழ்பெற்ற நூலக அறிவியலின் ஐந்து விதிகள் நூலாக வெளிவந்தன. புத்தகம் பூட்டி வைப்பதற்கல்ல என்பதும், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் கிடைக்க வேண்டும் என்பதும், வாசகருடைய நேரம் வீணாகக் கூடாது என்பதும் அந்த விதிகளின் சாரம்.

அதே 1931-ஆம் ஆண்டு அக்டோபர் 21 அன்று மன்னார்குடியில் ஒரு மாட்டுவண்டி நூலகம் தொடங்கி வைக்கப்பட்டது. மேலவாசலைச் சேர்ந்த எஸ்.வி.கனகசபைப் பிள்ளை வண்டியைக் கொடுத்தார். ரங்கநாதன் வந்து தொடங்கி வைத்தார். புத்தகங்களை அடுக்கிய வண்டி மாடுகள் இழுக்க ஊர் ஊராகப் போனது. இந்தியாவின் நடமாடும் நூலகங்களில் முன்னோடி என்று இதைச் சொல்வார்கள்.

நெல் மூட்டையும் வைக்கோலும் ஏற்றிப் போன பாதையில் புத்தகம் போனது என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும். டெல்டாவின் கிராமங்கள் ஆறுகளாலும் வாய்க்கால்களாலும் பிரிந்து கிடப்பவை. மழைக்காலத்தில் ஒரு வரப்பைத் தாண்டுவதே பெரும்பாடு. அங்கே மனிதர் புத்தகத்தைத் தேடிப் போகாமல், புத்தகம் மனிதரைத் தேடி வந்தது. வண்டி அடுத்து எப்போது வருமோ அதற்குள் படித்து முடிக்க வேண்டும், ஏனென்றால் அடுத்த ஊரில் வேறொருவர் அதே புத்தகத்துக்குக் காத்திருப்பார். அதாவது, படிப்பதற்கான கெடு வண்டியின் கையில் இருந்தது.

இந்த முயற்சிகளின் தொடர்ச்சியாக 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. இந்தியாவில் இந்த வகையில் அதுதான் முதல் மாகாணச் சட்டம். சொத்து வரியோடு சேர்த்து வசூலிக்கப்படும் நூலக வரியிலிருந்து கிளை நூலகங்கள் நடத்த அது வழி செய்தது.

186 வாரங்கள்

இதற்கு இரண்டு வருடம் கழித்துத்தான் பொன்னியின் செல்வன் தொடங்குகிறது. அதை எழுதிய ரா.கிருஷ்ணமூர்த்தி என்ற கல்கியும் படுகைக்காரர். மயிலாடுதுறைக்கு அருகில் உள்ள புத்தமங்கலத்தில் 1899-இல் பிறந்தவர்.

கதை ஆடிப்பெருக்கு நாளில், வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்குகிறது. இன்றைய வீராணம் ஏரிதான் அது. அங்கிருந்து வந்தியத்தேவனின் குதிரை குடந்தை, தஞ்சை, பழையாறை, கோடிக்கரை என்று போகிறது. கல்கியின் கற்பனைக்கு அடியில் கல்வெட்டும் இருந்தது. ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் சொத்துகள் பறிமுதல் செய்யப்பட்டதைப் பற்றிய கல்வெட்டு, காட்டுமன்னார்கோயில் உடையார்குடியில் இருக்கிறது. வெளியூர் வாசகருக்கு இது வரலாற்றுக் கற்பனை. தஞ்சை வாசகருக்கோ, தான் பேருந்தில் போகிற ஊர்களில் நடக்கும் கதை.

அதிலும் ஒரு பொருத்தம் உண்டு. தொடர் வந்துகொண்டிருந்தபோது, 1952 நவம்பர் 30 அன்று நாகப்பட்டினம் பகுதியை ஒரு கடும் புயல் தாக்கியது. நாவலின் ஐந்தாம் பாகத்தில் கடல் பொங்கி நாகப்பட்டினத்தின் சூடாமணி விகாரத்துக்குள் வெள்ளம் புகுகிறது. அந்த அத்தியாயங்களை அந்த ஊர்க்காரர்கள் கதையாக மட்டும் படித்திருக்க முடியாது.

வாரப் பத்திரிகை ஒன்று வீட்டுக்கு வந்தால் அதற்குப் பல கைகள் போட்டி போடும். ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்பது வழக்கமாக இருந்தது. படித்த பிறகு பக்கங்களைத் தனியே பிரித்து, ஊசி நூலால் தைத்து, அட்டை போட்டு ‘பைண்டு’ பண்ணி வைத்தார்கள். மணியத்தின் படங்களோடு, பக்கத்தின் மறுபுறம் இருந்த விளம்பரங்களும் சேர்ந்தே பைண்டாயின. அந்த பைண்டு புத்தகம் பிறகு உறவினர் வீடுகளைச் சுற்றும்.

யாருக்கு நேரம் இருந்தது?

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் வரலாறு பாதிதான். 1951 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுத்தறிவு பெற்றவர்கள் நூற்றுக்கு சுமார் 18 பேர். தஞ்சை வயல்களில் நாற்று நட்டு, களை பறித்து, அறுவடை செய்தவர்களில் பெரும்பாலோருக்கு எழுத்தும் கிடையாது, தன் நேரம் என்று ஒன்றும் கிடையாது. பண்ணையாள் எப்போது எழுவது, எப்போது வீடு திரும்புவது என்பதை மிராசுதார் முடிவு செய்தார். சாகுபடியாளர்களுக்கும் பண்ணையாட்களுக்கும் ஓரளவு சட்டப் பாதுகாப்பு கிடைத்தது 1952-இல், தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தின் மூலம். வந்தியத்தேவன் காவிரிக்கரையில் குதிரை ஓட்டிக்கொண்டிருந்த அதே வாரங்களில், அதே கரையில் இந்தப் போராட்டமும் நடந்துகொண்டிருந்தது.

ஆகவே ஒரு மாதம் முழுக்கக் கதை படிக்கத் திட்டம் போட முடிகிறது என்றால், அது சாதாரண விஷயம் இல்லை. அதற்குப் பின்னால் பள்ளிக்கூடம் இருக்கிறது, நூலக வரி இருக்கிறது, வயலில் இறங்க வேண்டிய கட்டாயம் இல்லாத ஒரு விடுமுறை இருக்கிறது.

ஜப்பானிலும் இதே கதை

மங்கா படிக்கிறவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கலாம். எடோ காலத்து ஜப்பானில் கஷிஹோன்யா என்ற புத்தக வாடகைக்காரர்கள் இருந்தார்கள். புத்தக மூட்டையை முதுகில் சுமந்து வீடு வீடாகப் போய் வாடகைக்குக் கொடுத்துவிட்டு, பிறகு வந்து வாங்கிக்கொண்டு போவார்கள். மன்னார்குடி வண்டிக்கு ஒரு தூரத்துச் சொந்தம்!

அவர்கள் சுமந்த கதைகளில் ஒன்று பாகின் எழுதிய ‘எட்டு நாய் வீரர்கள்’ கதை. மாயமும் வீரமும் கலந்த அந்த நாவல் 1814-இல் தொடங்கி 1842-இல்தான் முடிந்தது. 28 ஆண்டுகள், 106 தொகுதிகள். நடுவில் பாகினுக்குக் கண்பார்வை போய்விட, அவர் சொல்லச் சொல்ல மருமகள் எழுதி முடித்தார். மூன்றரை வருடக் காத்திருப்பு அதோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை.

இருபதாம் நூற்றாண்டிலும் முறை மாறவில்லை. 1968-இல் தொடங்கிய ‘ஷோனென் ஜம்ப்’ அடுத்த ஆண்டே வார இதழானது. 1990-களின் நடுவில் அதன் விற்பனை 65 லட்சம் பிரதிகளைத் தாண்டியது. வாரம் ஒரு அத்தியாயமாக வந்து, பிறகு சிறு தொகுதிகளாகச் சேர்வதுதான் மங்கா. நம்மூரில் வீட்டில் ஊசி நூலால் செய்ததை அங்கே பதிப்பகமே செய்தது.

தமிழிலும் படக்கதைக்குத் தனிக் காலண்டர் இருந்தது. 1947-இல் தொடங்கிய ‘அம்புலிமாமா’ மாதம் ஒருமுறை வேதாளத்தைக் கொண்டுவந்தது. 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் ‘இரும்புக்கை மாயாவி’யோடு வந்தது. 1984-இல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் சேர்ந்துகொண்டன. அந்தப் புத்தகங்களும் ஒரு கையில் நின்றதில்லை. ஒரு மாயாவி கொடுத்தால் ஒரு வேதாளர் கிடைக்கும் என்கிற பண்டமாற்று, பள்ளிக்கூட வராந்தாக்களில் நடந்தது.

அட்டவணையில் விட்டுப்போன கட்டம்

டெல்டாவில் எதற்கும் ஒரு முறை உண்டு. மேட்டூர் அணை 1934-இல் வந்த பிறகு, ஜூன் 12-இல் தண்ணீர் திறப்பது வழக்கமான தேதி. குறுவை, சம்பா, தை அறுவடை எல்லாம் அதைப் பொறுத்தவை. வாய்க்காலில் தண்ணீர் வந்தால் தன் வயலுக்குப் பாய்ச்சியவுடன் மடையை மாற்றி அடுத்த வயலுக்கு விட வேண்டும். தானே வைத்துக்கொண்டால் பயிர் அழுகும், பக்கத்து வயல் காயும்.

வண்டி நூலகத்தின் கெடுவும், பைண்டு புத்தகத்தின் சுற்றும், காமிக்ஸ் பண்டமாற்றும் இதே முறையில்தான் நடந்தன. அந்தக் கெடு வாசகரை அவசரப்படுத்துவதற்காக வைத்ததல்ல. அடுத்தவர் காத்திருக்கிறார் என்பதற்காக வைத்தது.

இன்று அந்தக் கெடு இல்லை. கல்கி இதழின் அச்சுப் பதிப்பே 2020-இல் நின்றுவிட்டது. பொன்னியின் செல்வன் 1999-இல் நாட்டுடைமை ஆனதால் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், இணையத்தில் இலவசமாகவும் படிக்கலாம். 2022, 2023-ஆம் ஆண்டுகளில் திரைப்படங்கள் வந்தபோது புதிதாக எத்தனையோ பேர் முதல் பாகத்தைக் கையில் எடுத்தார்கள். எதைப் படிப்பது, எத்தனை நாளில் படிப்பது என்பது இப்போது முழுக்க வாசகரின் கையில். இது பெரிய சுதந்திரம். 1931-இல் மேலவாசலில் வண்டிக்குக் காத்திருந்த ஒருவர் இதைக் கேட்டால் நம்பியிருக்கமாட்டார்.

ஆனாலும் நோட்டில் போடுகிற கட்டங்களில் தேதி இருக்கிறது, புத்தகத்தின் பெயர் இருக்கிறது, பக்க எண் இருக்கிறது. பழைய முறையில் இருந்த ஒரு கட்டம் மட்டும் விட்டுப்போகிறது. படித்து முடித்ததும் இந்தப் புத்தகம் அடுத்து யாருக்கு? அந்தக் கட்டத்தையும் சேர்த்துவிட்டால் அட்டவணை முழுமையாகிவிடும். மாட்டுவண்டி செய்த வேலையை ஒரு நோட்டுப் புத்தகமும் செய்யும்.